கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தன் குறையை மறைக்க அடுத்த பொருளின் மேல் பழி போடாதே என்பதுதான் இதன் அர்த்தம். நல்ல அறிவுரைதான். ஆனால் இந்தப் பழமொழியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. கூடம் கோணலா இல்லையா என்று கடைசி வரைக்கும் யாருமே அளந்து பார்க்கவில்லை! அவள் ஆடத் தெரியாதவள் என்று முடிவு கட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அம்பத்தூரில் ஒரு கல்லூரி மாணவி என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட் மணியைச் சேர்த்து ஒரு யுகலேலே வாங்குகிறாள். கிட்டாருக்குத் தம்பி மாதிரி இருக்கும் நாலு தந்தி வாத்தியம். யுகலேலே கற்றுக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் முதலில் பிடிப்பது சி கார்ட். அதற்கு ஒரே ஒரு விரல் போதும். கடைசித் தந்தியில், மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திவிட்டு நாலு தந்தியையும் வருடினால் போதும், பாட்டு வந்துவிடும் என்பார்கள். இவளுக்கு வந்தது பாட்டு இல்லை. "ஜிர்ர்ர்...". டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம்.

பக்கத்து வீட்டு மாமி, "விரலை நல்லா அழுத்தும்மா, பழகப் பழகச் சரியாயிடும்" என்கிறார். அப்பா, "வாங்கும்போதே சொன்னேன், கேட்டியா?" என்கிறார். தோழிகள் சிரிக்கிறார்கள். விரல் நுனி சிவக்கச் சிவக்க அழுத்திப் பார்க்கிறாள். சத்தம் போகவில்லை. மூன்று வாரம் கழித்து யுகலேலே பீரோ மேல் ஏறுகிறது. "எனக்கு மியூசிக் எல்லாம் வராது" என்ற முடிவுக்கு அவள் வந்துவிடுகிறாள். அந்த முடிவு ஆயுசுக்கும் கூட வரும்.

வந்தது ஒரு சத்தம், போனது ஒரு வாத்தியம் என்று இதை விட்டுவிடலாம். ஆனால் புதிதாகக் கற்கும் ஒருவருக்குத் தன் விரல் தப்பா, வாத்தியம் தப்பா என்று கண்டுபிடிக்கத் தெரியாது. தெரியாத இடத்தில் முதலில் தன்னையேதான் சந்தேகப்படுவார். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க இசை ஞானமே தேவையில்லை. கொஞ்சம் பொறுமையும், எந்த இடத்தில் சத்தம் வருகிறது என்று கவனிக்கும் காதும் போதும்.

வாத்தியத்தின் கதையை இரண்டே வரியில் பார்த்துவிடுவோம். 1879 ஆகஸ்டில் போர்ச்சுகலின் மடைரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஒரு கப்பல் நிறைய ஆட்கள் ஹவாய்த் தீவுகளுக்குப் போய் இறங்கினார்கள். அதில் மரவேலை தெரிந்த சிலரும் இருந்தார்கள். அவர்கள் ஊர்ச் சின்ன கிட்டார் ஒன்றுதான் ஹவாயில் உருமாறி யுகலேலே ஆனது. ஜி, சி, ஈ, ஏ என்று நாலு நைலான் தந்திகள். சோப்ரானோ எனப்படும் சின்ன வகையில், தந்தி அதிரும் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர்தான். வீணையில் மெட்டு என்கிறோமே, அதைத்தான் இங்கே ஃப்ரெட் என்கிறார்கள். தலைப்பக்கம் தந்தி உட்காரும் பள்ளங்கள் உள்ள கட்டைக்கு நட் என்று பெயர். வயிற்றுப் பக்கம் தந்தி ஏறி நிற்கும் கட்டை சேடில்.

சரி, ஜிர்ர் என்றால் என்ன? அதிரும் தந்தி, தொடக்கூடாத ஏதோ ஒன்றைத் தொடுகிறது. அவ்வளவுதான். மீட்டிய தந்தி நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் ஆடும். அந்த ஆட்டத்துக்கு இடம் போதாமல் ஒரு ஃப்ரெட்டின் தலையில் ஒவ்வொரு சுற்றுக்கும் போய் முட்டினால், சுத்தமான சுரத்தோடு சேர்த்துக் கூர்மையான சின்னச் சின்ன ஒலிகளும் கிளம்பும். ஏ தந்தி நொடிக்கு 440 தடவை அதிர்கிறது என்றால், நொடிக்கு நூற்றுக்கணக்கான முட்டல்கள். அதுதான் வண்டுச் சத்தம். ஆக, கேள்வி ஒன்றே ஒன்றுதான். எங்கே முட்டுகிறது?

முதலில் பழமொழிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். ஆடுகிறவர் மேலும் தப்பு இருக்கலாம். விரலை ஃப்ரெட்டுக்கு வெகு தூரத்தில் வைத்தால் ஜிர்ர் வரும். ஃப்ரெட்டை ஒட்டி, அதன் பின்னால் வைத்தால் பாதி பலத்திலேயே சுத்தமாகக் கேட்கும். ரொம்ப ஓங்கி மீட்டினாலும் தந்தியின் ஆட்டம் பெரிதாகி முட்டும். சுருதி கீழே இறங்கியிருந்தாலும் அப்படித்தான். தளர்ந்த தந்தி அதிகம் ஆடும். புதுத் தந்தி நைலானாக இருந்தால் பல நாட்கள் இழுபட்டு இழுபட்டுத் தளர்ந்துகொண்டே இருக்கும். எனவே ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்துவிட்டுத்தான் சோதனையைத் தொடங்க வேண்டும். இந்த மூன்றையும் சரி செய்த பிறகும் சத்தம் வந்தால், விரலுக்கு விடுதலை கொடுத்துவிடலாம். இனிமேல் கூடத்தை அளக்க வேண்டியதுதான்.

இரண்டாவது சந்தேகம், சத்தம் தந்தியிலிருந்துதான் வருகிறதா என்பது. சட்டைப் பொத்தான், வளையல், முறுக்காணியின் லூசான திருகு, வெட்டாமல் விட்ட தந்தி வால், உள்ளே ஒட்டியிருந்த காகிதம் பிய்ந்து துடிப்பது... இவை எல்லாம் தந்தி போலவே நடிக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஏ தந்தியைத் திறந்தபடி மீட்டினால் வரும் அதே சுரம், ஈ தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டிலும், சி தந்தியின் ஒன்பதாவது ஃப்ரெட்டிலும் கிடைக்கும். மூன்று இடத்திலும் அதே ஜிர்ர் வந்தால் அது சுரத்துக்குத் துடிக்கும் ஏதோ லூசான பாகம். ஒவ்வொரு பாகமாக விரலால் அழுத்திப் பிடித்தபடி மீட்டிப் பாருங்கள். எதைப் பிடிக்கும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் திருடன். சுரத்தோடு போகாமல் ஓர் இடத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால், அது தந்தியும் ஃப்ரெட்டும் சம்பந்தப்பட்ட விவகாரம்.

அந்த விவகாரத்தை மூன்றாகப் பிரிக்கலாம்.

விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டும் சத்தம், முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் சத்தம் போய்விடுகிறது என்றால் பெரும்பாலும் நட்டில்தான் கோளாறு. அந்தத் தந்தியின் பள்ளம் ஆழமாக வெட்டப்பட்டிருக்கும். சரிபார்க்க, தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே உற்றுப் பாருங்கள். அங்கே ஒரு முடி அளவாவது இடைவெளி தெரிய வேண்டும். தெரியவே இல்லை என்றால் பள்ளம் ஆழம். ஒரு சின்னக் காகிதத் துண்டை மடித்துப் பள்ளத்தில் தந்திக்கு அடியில் வைத்து மீட்டிப் பாருங்கள். சத்தம் போனால் சந்தேகம் தீர்ந்தது.

எல்லா ஃப்ரெட்டிலும் எல்லாத் தந்தியிலும் சத்தம் என்றால், தந்திகள் மொத்தமாகத் தாழ்ந்து கிடக்கின்றன. சேடில் உயரம் போதவில்லை, அல்லது கழுத்து பின்பக்கமாக வளைந்திருக்கிறது. முதல் ஃப்ரெட்டையும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் தந்தியே ஒரு அளவுகோல் மாதிரி நேராக நிற்கும். நடுவில் ஆறாவது ஃப்ரெட்டின் பக்கம் மெல்லிய இடைவெளி இருந்தால் கழுத்து சரி. கழுத்து சரியென்றால் சேடிலின் அடியில் ஒரு விசிட்டிங் கார்டு துண்டை வைத்துப் பார்க்கலாம். அட்டையின் கனம் 0.3 மி.மீ. என்றால், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தி அதில் பாதி, அதாவது 0.15 மி.மீ. உயரும். ஏனென்றால் அது தந்தியின் சரிபாதிப் புள்ளி. அங்கே மொத்த உயரம் சுமார் 2.5 மி.மீ. இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு.

மூன்றாவது வகைதான் நம் அம்பத்தூர்ப் பெண்ணின் வகை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சத்தம். மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் ஜிர்ர். நான்காவதில் அழுத்தினால் சுத்தம். ஐந்தாவதிலும் சுத்தம். அப்படியென்றால் குற்றவாளி மூன்றாவது இல்லை, நான்காவது! மூன்றில் அழுத்தும்போது தந்தி நான்கின் தலைக்கு மேலே மிக நெருக்கமாகப் போகிறது. நான்காவது ஃப்ரெட் ஒரு பொட்டு எழும்பியிருந்தாலும் முட்டிவிடும். நான்கிலேயே அழுத்தினால், அது முட்டும் இடமாக இல்லாமல் தந்தி நிற்கும் இடமாகிவிடுகிறது. அதனால் சத்தம் இல்லை. விரல் இருக்கும் இடத்தில் நோய் இல்லை, அதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. எவ்வளவு அழுத்தி என்ன பயன்? இன்னும் பத்து வருஷம் அழுத்தினாலும் அந்தச் சத்தம் போயிருக்காது.

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாத்தியம் ரிப்பேர் செய்ய மயிலாப்பூருக்கோ அண்ணாசாலைக்கோ ரயிலேறிப் போக வேண்டியிருக்கலாம். ஆனால் அளக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் வந்ததிலிருந்து லேத், மில்லிங், கிரைண்டிங் என்று வாழ்ந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையே இருக்கிறது. ஃபீலர் கேஜ் என்ற சின்னக் கத்தி மாதிரித் தகடுக் கட்டு பல வீடுகளின் டூல் பெட்டியில் கிடக்கும். 0.05 மி.மீ., 0.10 மி.மீ. என்று ஒவ்வொரு தகட்டிலும் கனம் பொறித்திருக்கும். எஞ்சின் வால்வு இடைவெளி பார்க்கும் அந்தத் தகடு, ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே இருக்கும் இடைவெளியையும் சொல்லிவிடும். ஒரு பக்கம் நேராகக் கிரைண்ட் செய்த மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் உலோகத் துண்டை மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் வைத்தால், நடுவில் உள்ளது உயரமாக இருந்தால் துண்டு ஊஞ்சல் மாதிரி ஆடும். டக் டக் என்று கேட்கும். வெளிநாட்டில் இதற்கென்றே கருவி விற்கிறார்கள். பட்டறையில் இது கழிவுத் துண்டு.

ஃப்ரெட் ஏன் எழும்புகிறது? மரம் மூச்சு விடுகிறது என்று தச்சர்கள் சொல்வது சும்மா இல்லை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மரம் ஈரத்தை இழுத்து உப்பும். ஏசி அறையிலோ வெயில் படும் மாடி அறையிலோ காய்ந்து சுருங்கும். மயிலாப்பூரில் மதியமே வீசத் தொடங்கும் கடற்காற்று ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் வந்து சேரத் தாமதமாகும். சித்திரை, வைகாசியில் இங்குள்ள மொட்டை மாடி அறைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, மரத்தில் அடித்து இறக்கிய ஃப்ரெட்டின் ஓரம் லேசாக மேலே வந்துவிடும். மேற்பலகை காய்ந்து கீழே இறங்கினால் தந்திகளும் கூடவே தாழும். போன மாதம் இல்லாத சத்தம் இந்த மாதம் வந்தால் முதலில் வானிலையைக் கேளுங்கள்.

இங்கேதான் நம் ஊர் வீணை நினைவுக்கு வருகிறது. தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள். ரகுநாத நாயக்கர் காலத்தில் அந்த எண்ணிக்கை நிலைபெற்றது என்பது மரபு. அந்த மெட்டுகளை மரத்தில் அடித்து இறக்குவதில்லை. கரிய மெழுகின் மேல் பதித்து வைக்கிறார்கள். இதை மேளம் கட்டுவது என்பார்கள். வெயிலில் மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால், தேய்ந்துபோய்ச் சத்தம் கெட்டால், மெழுகை இளக்கி, காதால் கேட்டுக் கேட்டு மறுபடியும் பதிக்கலாம். தப்பு நடக்கும், மரமும் உலோகமும் மாறும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட அமைப்பு அது. திருத்துவதற்கு வழி வைத்தே செய்திருக்கிறார்கள்.

யுகலேலேயில் அந்த வசதி இல்லை. உயரமான ஃப்ரெட்டை அரத்தால் தேய்த்தால் தேய்த்ததுதான். நட்டின் பள்ளத்தை ஆழப்படுத்தினால் ஆழப்படுத்தியதுதான். அவசரத்தில் அரத்தைக் கையில் எடுத்து, மூன்றாவது ஃப்ரெட்டில் சத்தம் வருகிறது என்று மூன்றாவதையே தேய்த்துவிட்டால், அது இன்னும் தாழ்ந்து, சத்தம் இன்னும் கூடிவிடும். பிறகு அதைச் சரிக்கட்ட நான்கு, ஐந்து, ஆறு என்று எல்லாவற்றையும் தேய்க்க வேண்டிவரும். அதனால் யுகலேலேக்காரர் வீணைக்காரரிடம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. முதலில் எடுத்துவிடக்கூடியதை வைத்துப் பார்க்க வேண்டும். காகிதத்தை எடுத்துவிடலாம், அட்டையை எடுத்துவிடலாம். தேய்த்த உலோகம் திரும்பி வராது.

இன்னொரு ஆச்சரியமும் இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு விரட்டும் இதே ஜிர்ரை, தம்பூராவில் வேண்டும் என்று வரவழைக்கிறார்கள்! தம்பூராவின் குதிரை கத்தி முனை மாதிரிக் கூராக இருக்காது. அகலமாக, லேசான வளைவோடு இருக்கும். அதிரும் தந்தி அந்த வளைவை உரசி உரசித்தான் போகும். தந்திக்கு அடியில் ஒரு பஞ்சு நூலை வைத்து, முடி அளவு முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே கேட்பார்கள். ஓர் இடத்தில் தந்தி திடீரென்று மலரும். ரீங்காரம் எழும். அந்த நூலுக்கு ஜீவா என்றே பெயர். உயிர்!

திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி.ராமன், ஒளிச்சிதறலுக்காக 1930ல் நோபல் பரிசு வாங்குவதற்கு முன்பே தம்பூராவையும் வீணையையும் ஆராய்ந்து 1921ல் கட்டுரை எழுதியிருக்கிறார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியை அசையாப் புள்ளியாகக் கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்கக்கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் இருவர் பெயராலும் வழங்கும் விதி. தம்பூராவும் வீணையும் அந்த விதிக்கு அடங்கவில்லை, வரக்கூடாத மேற்சுரங்கள் கணீரென்று வருகின்றன என்று ராமன் காட்டினார். காரணம் அந்த வளைந்த குதிரைதான் என்றார். தந்தி எதையோ தொடுவது இங்கேயும் நடக்கிறது. ஆனால் எங்கே, எவ்வளவு என்று ஒருவர் காதால் தேர்ந்தெடுத்த தொடுதல் அது. யுகலேலேயின் நான்காவது ஃப்ரெட்டில் நடப்பது யாரும் கேட்காமல் வந்த தொடுதல். இரண்டிலும் இயற்பியல் ஒன்றுதான்.

இனி பீரோ மேல் இருக்கும் அந்த யுகலேலேக்கு வருவோம். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு சரிகமபதநி கூடத் தெரியாது. "எந்த இடத்துல சத்தம் வருது?" என்று கேட்கிறார். அதுவரைக்கும் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

"மூணாவதுல மட்டும்தான் சித்தப்பா. நாலாவதுல வரல."

"அப்போ நாலைப் பாரு."

உலோகத் துண்டு நான்காவது ஃப்ரெட்டின் மேல், ஏ தந்தி ஓரமாக மட்டும் டக் டக் என்று ஆடுகிறது. தந்தியை நகர்த்திவிட்டு, கழுத்துக்கு அடியில் துணி மடித்து வைத்து, ஃப்ரெட்டின் மேல் ஒரு சின்ன மரக்கட்டையை வைத்து மெதுவாக இரண்டு தட்டு. மறுபடியும் துண்டை வைத்துப் பார்க்கிறார். ஆட்டம் இல்லை. அரத்தை வெளியே எடுக்கவே இல்லை. மறுபடி எழும்பினால் ஒரு சொட்டுப் பசை, அதற்கும் அடங்காவிட்டால்தான் அரம் என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போகிறார்.

அவள் சுருதி சேர்த்து, ஒரு விரல் வைத்து, நாலு தந்தியையும் வருடுகிறாள். சி கார்ட். சுத்தமாக.

இதனால் அவள் பெரிய வித்வான் ஆகிவிடுவாள் என்று சொல்ல முடியாது. அடுத்த கார்டுக்கு மூன்று விரல் வேண்டும், அதில் ஜிர்ர் வந்தால் தப்பு நிஜமாகவே விரலில் இருக்கலாம். ஆனால் இப்போது அவளுக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொல்வது தப்புதான். கூடம் கோணலாக இருக்கும்போது எனக்கு ஆடத் தெரியாது என்று ஒதுங்கிவிடுவதும் தப்புதான். அடுத்த முறை யாராவது "எனக்கு வராது" என்று சொன்னால், உடனே சமாதானம் சொல்லாமல், எந்த இடத்தில் வரவில்லை என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.